பெரார்கஞ்சுக்கு ரயில் வருமுன்

தெற்கு அந்தமானின் பெரார்கஞ்ச் வட்டத்தில் இன்றுவரை பயணிகள் ரயில் ஓடியதில்லை. திட்டம் மட்டும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் தொடங்கி வடகோடியிலுள்ள திக்லிபூர் வரை 240 கிலோமீட்டர் அகலப் பாதை. 2017இல் ரயில்வே அமைச்சகம் இதற்குக் கொள்கை அளவில் இசைவு தெரிவித்தது. மதிப்பீடு 2,413.68 கோடி ரூபாய். வருவாய் விகிதம் மைனஸ் 9.64 விழுக்காடு, அதாவது போட்ட பணம் திரும்பாது என்பது கணக்குப் போட்டவர்களுக்கே தெரியும். ராணுவத் தேவையும் சுற்றுலாவும் அந்த நஷ்டத்தை ஈடுகட்டும் என்பது வாதம். பாதை எப்படி வளைந்தாலும், தெற்குத் தீவின் அமைப்பால் பெரார்கஞ்சைத் தொடாமல் வடக்கே போக முடியாது.

பணக் கணக்கு பைசா சுத்தமாகப் போடப்பட்டுவிட்டது. மண், மரம், மனிதர், பழைய சுவர் இவற்றின் கணக்கை யார் போடுவது?

இந்தியாவில் இதற்கென இருப்பது 2006 செப்டம்பர் 14 அன்று வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. எந்தெந்தத் திட்டங்கள் முன் அனுமதி பெற வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. சுரங்கம், அணை, துறைமுகம், விமான நிலையம், நெடுஞ்சாலை, ஏன், மலைகளுக்கிடையே தொங்கும் ரோப் கார் கூட அது வெளிவந்தபோது அதில் இடம்பெற்றிருந்தது. ரயில் பாதை இல்லை. காட்டு நிலத்தை எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், சரணாலயம் என்றால் வன உயிரின வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஆனால் மொத்தத் திட்டத்தையும் ஒரே மேசையில் விரித்து, பாதிக்கப்படுவோரை அழைத்துக் கேட்டு, மாற்று வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த ஒரு கட்டாயம் ரயில் பாதைக்கு இல்லை. இந்த ஓட்டை அடைக்கப்பட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அப்படி உட்கார்ந்து கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அங்கே 1910இல் பென்சில்வேனியா ரயில் நிலையம் திறக்கப்பட்டது. ரோமானியக் குளியல் மண்டபங்களைப் பார்த்துக் கட்டிய பிரம்மாண்டம். 1963இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். மேலே இருந்ததையெல்லாம் அகற்றிவிட்டு, பயணிகளை நிலத்தடியில் தாழ்ந்த கூரையின் கீழ் நெரிய விட்டார்கள். அந்த இடிப்பு கிளப்பிய கோபத்தில்தான் 1965இல் நகரத்துக்குப் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1966இல் நாடு முழுமைக்குமான வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புச் சட்டமும், 1970 தொடக்கத்தில் தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டமும் வந்தன.

இடிபட்ட நிலையத்துக்கு எதிர்ச்சாரியில், அதே கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த தலைமை அஞ்சலகம் 1914 முதல் நின்றுகொண்டிருந்தது. கடிதங்கள் அன்று ரயிலில் போனதால், அஞ்சலகத்தைத் தண்டவாளங்களுக்கு நேர் மேலேயே எழுப்பியிருந்தார்கள். பின்னாளில் கடிதப் போக்குவரத்து வேறிடம் போக, கட்டடம் காலியாகத் தொடங்கியது. அதையே ரயில் நிலையமாக்கலாம் என்று 1990களின் தொடக்கத்தில் யோசனை சொன்னவர் செனட்டர் டேனியல் பாட்ரிக் மொய்னிஹான். யோசனை எளிது, ஆய்வு எளிதாக இல்லை. கூட்டாட்சி ரயில்வே நிர்வாகமும் மாநில அமைப்புகளும் பல சுற்றுகளாகச் சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்தன. தூசி, ஓசை, போக்குவரத்து நெரிசல் போன்ற வழக்கமான கேள்விகளோடு, கட்டடத்தின் எந்தப் பகுதி வரலாறு, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் அந்த மதிப்பீட்டின் அங்கமாக இருந்தது.

விளைவை இன்று போய்ப் பார்க்கலாம். 2021 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட மொய்னிஹான் ரயில் மண்டபத்தில், கடிதங்களைப் பிரித்த பழைய கூடத்தின் மூன்று எஃகுச் சட்டங்கள் அப்படியே நிற்கின்றன. அவற்றின் மேல் ஓர் ஏக்கர் பரப்புக்குக் கண்ணாடிக் கூரை. தெருவைப் பார்த்த தூண் வரிசையில் கை வைக்கவில்லை. செலவு சுமார் 160 கோடி டாலர். மொய்னிஹான் அதைப் பார்க்க இல்லை, 2003இலேயே காலமாகிவிட்டார். முப்பது ஆண்டு என்பது நீண்ட காலம்தான். பணத் தகராறும் அரசியலும் அதில் பெரும் பங்கை விழுங்கின. ஆனாலும் எதிர்ச்சாரியில் 1963இல் அவசரப்பட்டு இழந்தது திரும்பக் கிடைக்கவே இல்லை.

பழைய கட்டடத்தை வைத்துக்கொள்வது ரசனைக்காக மட்டுமல்ல. ஊது உலையில் ஒரு டன் எஃகு செய்தால் ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு வெளியேறுகிறது. ஒரு டன் சிமென்டுக்கு அரை டன்னுக்கு மேல். நின்றிருக்கும் கட்டடத்தில் அந்தச் செலவு ஏற்கெனவே செய்து முடிந்தது. இடித்தால் அது வீணாகி, புதிதாகக் கட்ட மறுபடி அதே செலவு.

ஓடும் ரயில் பழைய சுவரை என்ன செய்யும் என்பது அடுத்த கேள்வி. சக்கரம் தண்டவாளத்தில் உருளும்போது எழும் அதிர்வு மண் வழியே பரவி அஸ்திவாரத்தை எட்டுகிறது. அதை மண் துகள் ஒரு வினாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் ஆடுகிறது என்று அளப்பார்கள். உலகெங்கும் பலர் பின்பற்றும் ஜெர்மன் தரநிலைப்படி, மெதுவான அதிர்வில் தொழிற்கூடத்துக்கு 20 வரை அனுமதி, குடியிருப்புக்கு 5, பாரம்பரியக் கட்டடத்துக்கு வெறும் 3. களத்தில் இதைக் கண்காணிக்க மின்னணுக் கருவிகள் இருந்தாலும், பழைய முறை ஒன்று இன்னமும் கைகொடுக்கிறது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டி, தேதியை எழுதிவிடுவார்கள். சுவர் இம்மி நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துபோகும். வேலை தொடங்குவதற்கு முன்பே இதை ஒட்ட வேண்டும். பிறகு ஒட்டினால், விரிசல் முன்பே இருந்ததா, ரயிலால் வந்ததா என்ற வழக்குக்குத் தீர்ப்பே கிடையாது.

முன்கூட்டிப் பார்க்காததன் விலை நமக்குத் தெரியாததல்ல. சென்னை அண்ணா சாலையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் என்ற பாரம்பரியக் கட்டடத்தின் பின்பகுதி மெட்ரோவுக்காக இடிபட்டது, விவகாரம் நீதிமன்றம் போனது. கொல்கத்தாவின் பௌபஜாரில் 2019 ஆகஸ்ட் 31 அன்று மெட்ரோ சுரங்கம் தோண்டிய இயந்திரம் நிலத்தடி நீரைத் தாங்கிய மண்ணடுக்கில் முட்ட, நீரும் மண்ணும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. மேலே பழைய வீடுகள் உள்வாங்கின. குடும்பங்கள் உடுத்த துணியோடு வெளியேறின.

பெரார்கஞ்சுக்கு வருவோம். 1923 முதல் 1931 வரை தலைமை ஆணையராக இருந்த மைக்கேல் ஃபெரார் பெயரால் அமைந்த ஊர் இது. வண்ணத்துப்பூச்சிகளைத் தேடித் தேடிச் சேகரித்தவர் அவர். கைதிகளாகக் கப்பலேறி வந்தவர்களும் பின்னர் வந்து குடியேறியவர்களும் திருத்திய கிராமங்கள் இங்கே உண்டு. பாரம்பரியம் என்றதும் அந்தமானில் எல்லோரும் செல்லுலார் சிறையைத்தான் சொல்வார்கள். 1906இல் முடிந்த அந்தச் சிறைக்கு ஏழு கிளைகள் இருந்தன, இன்று நிற்பவை மூன்று. தேசிய நினைவுச் சின்னம் என்பதால் அதற்குக் காவல் இருக்கிறது. குடியேறிகளின் பலகை வீடுகளுக்கும் பழைய படகுத் துறைகளுக்கும் அப்படி எந்தக் காவலும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாததால், ரயில் நிலையத்துக்கு இடம் தேடும்போது முதலில் அடிபடுபவை அவையே.

மண்ணும் இங்கே சாதாரண மண் அல்ல. அந்தமான் முழுவதும் நில அதிர்வு வரைபடத்தின் மிக ஆபத்தான மண்டலம். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் போர்ட் பிளேர் பக்கம் நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் புகுந்த கடல்நீர் வடியவில்லை. வடக்கே நேர் எதிர். வடக்கு அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து, பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்து காய்ந்தன. திட்டமிட்ட பாதையின் ஒரு முனை தாழ்ந்த பக்கம், மறு முனை உயர்ந்த பக்கம். தண்டவாளத்தின் மட்டத்தை மில்லிமீட்டரில் பராமரிக்க வேண்டிய ரயில்வேக்கு இதைவிடக் கடினமான நிலம் நாட்டில் அதிகம் இல்லை. இதோடு ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை, எளிதில் சரியும் மணற்கல், களிக்கல் அடுக்குகள். பெரார்கஞ்சுக்கு வடக்கே பாராடாங் தீவில் சேற்று எரிமலைகளும், உழவாரக் குருவிகள் கூடு கட்டும் சுண்ணாம்புக் குகைகளும் உள்ளன. பழைய சுவருக்குப் பார்க்கும் அதிர்வுக் கணக்கை இந்தக் குகைகளுக்கும் பார்த்தாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மனிதர்கள். பெரார்கஞ்ச் வட்டத்தின் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்று, குறித்த நேரத்தில் ஒன்றாகப் புறப்படுகின்றன. அதற்கு அப்பால் ஜாரவா மக்களின் காடு. சில நூறு பேரே உள்ள அந்தச் சமூகத்தை வெளியார் தொடர்பு எப்படித் தாக்கும் என்பதைத் தட்டம்மை வந்த 1999உம் 2006உம் காட்டின. அவர்கள் காட்டின் ஊடே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையின் பகுதியை மூடச் சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சாலை இன்றும் ஓடுகிறது. அதே காட்டில் இரண்டாவது கோடாக ரயிலையும் இழுப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

திக்லிபூர்க்காரர் மருத்துவமனைக்கு நாள் முழுக்கப் பயணம் செய்யும் துயரம் உண்மையானது. அதற்கு விடை சொல்லாத எந்த ஆய்வும் முழுமையாகாது. வேகமான கப்பல், கூடுதல் ஹெலிகாப்டர் இருக்கைகள், வடக்கிலேயே நல்ல மருத்துவமனை என்ற மாற்றுகளை ரயிலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும் என்பதுதான் மதிப்பீட்டின் முதல் விதி. எனவே கோரிக்கை இதுதான்: 2006 அறிவிக்கையின் பட்டியலில் ரயில் பாதைகளைச் சேருங்கள். அதுவரை காத்திராமல், அந்தமான் பாதைக்கு முழு மதிப்பீட்டைத் தானாக முன்வந்து செய்யுங்கள். அதன் அறிக்கையைத் தமிழ், வங்காளம், இந்தி என்று தீவு மக்கள் படிக்கும் மொழிகளில் வெளியிடுங்கள். ஜாரவா எல்லைக்குள் ஒரு தண்டவாளமும் வேண்டாம்.