சணல் விதையா, கஞ்சா விதையா? வீட்டில் ஹெம்ப் பால் எடுக்குமுன் ஒரு பெயர் விளக்கம்

பாலகாட் என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர் உறவினர் பலர் கேரளத்துப் பாலக்காடு என்றே எண்ணிக்கொள்கிறார்கள். இந்தப் பெயரில் பாலும் இல்லை, காடும் இல்லை. பாரசீக மொழியில் 'பாலா' என்றால் மேல் என்று பொருள். மலைத்தொடருக்கு மேலே உள்ள நாடு பாலாகாட், கீழே உள்ள சமவெளி பாயன்காட் என்று பீஜப்பூர், முகலாயர் ஆட்சிக் காலங்களில் கர்நாடகத்தைப் பிரித்து அழைத்தனர். அந்தப் பெயரே பிற்காலத்தில் கோலார் தங்கவயலின் ஒரு சுரங்கத்துக்கும், அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கும் வந்தது. ஓசையைக் கேட்டுப் பொருள் சொல்லப் போனால் இப்படித்தான் வழி தவறும். ஊர்ப் பெயரில் வரும் மயக்கத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. உண்ணும் விதையின் பெயரில் மயக்கம் வந்தால் கெடுதல் உண்டு. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு நம் வீட்டுப் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். போன இடத்தில் பார்த்ததையெல்லாம் ஊருக்குக் கொண்டு வருவார்கள் அல்லவா? ஓட்ஸ் பால், பாதாம் பால் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஹெம்ப் பால் என்று கேட்கிறார்கள். "தாத்தா, இது கஞ்சா விதையாமே, குடிச்சா தல சுத்துமா?" என்று ஒரு பெண் கேட்டாள். இன்னொருவர் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, "சணல் விதை கால் கிலோ குடுங்க நைனாரே, பால் எடுக்கணும்" என்றார். முதல் கேள்வியில் பயம் இருக்கிறது, ஆபத்து இல்லை. இரண்டாவதில் பயம் இல்லை, ஆபத்து இருக்கிறது.

ஆங்கிலத்தில் ஹெம்ப் என்பது முதலில் ஒரே செடியின் பெயர்தான். 'கன்னபிஸ் சட்டைவா' என்று தாவர நூலார் கூறும் செடி அது. கான்வாஸ் துணியின் பெயரே இந்தக் கன்னபிஸ் என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. பிறகு வெள்ளைக்காரர்கள் உலகெங்கும் போய், நார் உரிக்கும் செடி எதைக் கண்டாலும் ஹெம்ப் என்றே பெயர் வைத்தார்கள். மணிலா ஹெம்ப் என்பது வாழையின் உறவு. சைசல் ஹெம்ப் ஒரு கற்றாழை. டெக்கான் ஹெம்ப் என்பது நம் புளிச்சைக்கீரையின் இனம். சன் ஹெம்ப் என்பது சணப்பை. தமிழில் நாமும் நம் பங்குக்குக் குழப்பினோம். வடமொழிச் சணம்தான் தமிழில் சணல், சணப்பு, சணப்பை என்றெல்லாம் ஆனது. ஆனால் கோணிப்பை நெய்யும் வங்காளத்துச் சணலும் அதே பெயரில் வழங்குகிறது. கன்னடத்தில் செணபு, தெலுங்கில் ஜனுமு. மூன்று மொழியும் பேசும் எங்கள் கோலார்ச் சீமையில் எந்தக் கடைக்குப் போய் எந்தப் பெயரைச் சொன்னாலும், பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பை விதையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கொடுப்பவர் மேல் தப்பில்லை. கேட்டது அதுதானே.

சணப்பை என்பது கிலுகிலுப்பைச் செடியின் குடும்பம். காய் முற்றிக் காய்ந்தால் உள்ளே விதை கிலுகிலு என்று ஒலிக்கும், அதுதான் பெயர்க் காரணம். இந்த இனத்துச் செடிகளில் கல்லீரலைக் கெடுக்கும் ஒருவகை நச்சு உண்டு. அளவு இனத்துக்கு இனம் மாறும். 1970-களின் நடுவில், இன்றைய சத்தீஸ்கரில் உள்ள சர்குஜா மாவட்டத்தில் ஏழை மக்கள் பலருக்கு வயிறு வீங்கி, கல்லீரல் கெட்டு நோய் வந்தது. ஆராய்ந்தபோது அவர்கள் உண்ட சாமையில் ஒரு சிறு கிலுகிலுப்பை இனத்தின் விதை கலந்திருந்தது தெரிய வந்தது. 67 பேர் பாதிக்கப்பட்டு 28 பேர் இறந்ததாக 1976-இல் மருத்துவ ஏடு ஒன்றில் வெளியாயிற்று. அது தானியத்தில் தெரியாமல் கலந்த விதை. நாமோ அதன் உறவான விதையை வாங்கி, ஊறவைத்து, அரைத்து, பாலென்று பிள்ளைக்கு ஊற்றினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கோணிச்சணலின் விதையும் உண்ணத்தக்கதல்ல, அதில் இதயத்தைத் தாக்கும் பொருள் உண்டு. இதற்கெல்லாம் மேலாக, விதைக்கென்று விற்கும் விதையில் பூச்சி மருந்து பூசியிருப்பார்கள்.

கண்ணால் பார்த்தே அடையாளம் காணலாம். ஹெம்ப் விதை உருண்டை சார்ந்த முட்டை வடிவம், மிளகைவிடச் சற்றுச் சிறியது, சாம்பலும் பழுப்புமாக மேலே வலைபோல் கோடுகள் ஓடும். தோல் நீக்கியது இளமஞ்சள் வெள்ளையாக, ஆங்காங்கே பச்சை சாயலோடு, நகத்தால் அழுத்தினால் நசுங்கும். சணப்பை விதை சிறுநீரக வடிவில், தட்டையாக, கருமை படர்ந்து, கல்லுபோல் இருக்கும். கோணிச்சணல் விதை மிகப் பொடி, முனை முனையாக இருக்கும். இவ்வளவு சொன்னாலும் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் அச்சிட்ட பாக்கெட்டையே வாங்க வேண்டும். உதிரியாக எடை போட்டுக் கொடுத்தால் என் கடையானாலும் வாங்காதீர்கள்.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், இது கஞ்சாச் செடியின் விதைதான். போதைப் பொருள் அந்தச் செடியின் பூங்கொத்தில் ஊறும் பிசினில் இருக்கிறது. விதையின் பருப்பில் இல்லை. பூவிலிருந்து ஒட்டிய தூசு ஓரளவு தோலில் இருக்கலாம். நாருக்கும் விதைக்கும் பயிரிடும் வகையில் பூவிலேயே போதைப்பொருள் மிகக் குறைவு. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில், பூங்கொத்தோடு சேராத விதையையும் இலையையும் விலக்கியே வைத்திருக்கிறது. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த விதை, அதன் எண்ணெய், மாவு ஆகியவற்றை உணவாக விற்க விதிமுறை வகுத்தது. ஆனால் 'நாலு விதையைத் தொட்டியில் போட்டுப் பார்ப்போம்' என்று யாரும் ஆசைப்படக் கூடாது. அனுமதியில்லாமல் செடி வளர்ப்பது குற்றம். அதேபோல் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகும் பிள்ளைகளின் பெட்டியில் இந்தப் பாக்கெட்டை வைத்துவிடாதீர்கள். அமீரகத்தில் கசகசாவுக்கே தடை உண்டு.

நம் நாட்டுக்கு இது புதிய உணவும் அல்ல. எள், உளுந்து, ஆளி இவற்றோடு சேர்த்து 'பங்கா' விளையும் வயலுக்கும் பாணினி இலக்கணம் சொல்கிறார். உத்தராகண்டத்துக் குமாவுன் மக்கள் இதை வறுத்துச் சட்னி அரைப்பது நெடுநாள் வழக்கம்.

பால் எடுக்கும் முறை நம் பெண்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். தேங்காய்ப் பால் பிழியத் தெரிந்தவர்களுக்கு இது பாதி வேலை. தோல் நீக்கிய விதை 75 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள், அரைக் கப் வரும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் முக்கால் லிட்டர். முதலில் ஒரு கை தண்ணீர் மட்டும் விட்டு மிக்சியில் வெண்ணெய்போல் அரைக்க வேண்டும். எல்லாத் தண்ணீரையும் முதலிலேயே கொட்டினால் விதை சுற்றிக்கொண்டே இருக்கும், அரைபடாது. விழுதானபின் மீதித் தண்ணீரை விட்டு ஒரு நிமிடம் ஓட்டி, சிட்டிகை உப்புப் போட்டு, வேட்டித் துணியில் வடிகட்டலாம். வடிகட்டாமலும் குடிக்கலாம், சத்து முழுவதும் அதில்தான் இருக்கும். பனைவெல்லமும் ஏலக்காயும் சேர்த்தால் பச்சை வாடை அடங்கும்.

தோலோடு உள்ள முழு விதை விலை குறைவு. அதை மூன்று நான்கு முறை அலசி, மிதக்கும் பொக்கை விதையை நீக்கி, ஆறு மணி நேரம் ஊறவைத்து அரைத்துக் கட்டாயம் வடிகட்ட வேண்டும். இந்தப் பால் சற்றுப் பச்சை நிறமாக, இலேசான கசப்போடு இருக்கும். ஊறலை இரவெல்லாம் வைப்பது எங்கள் சமண வீட்டு வழக்கத்துக்கு ஒவ்வாது. காலையில் ஊறப்போட்டு, வெளிச்சம் இருக்கும்போதே அரைத்துக் குடித்து முடித்துவிடுவோம். ரசபரித்தியாகம் என்று பால், தயிர் விடும் நோன்பு நாட்களில் இது உதவுகிறது. மற்றவர்கள் குளிர்ப்பெட்டியில் இரண்டு நாள் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் நான் சொல்ல மாட்டேன். இது காய்ச்சாத பால்.

ஏன் காய்ச்சுவதில்லை? கொதித்தால் இதன் புரதம் உறைந்து, தண்ணீர் வேறு திப்பி வேறாகப் பிரிந்துவிடும். கைபொறுக்கும் சூடு போதும். ஆனால் இதையே எல்லா விதைப் பாலுக்கும் விதியாகக் கொள்ளக் கூடாது. மதுரைத் தெருக்களில் தள்ளுவண்டியில் விற்கும் பருத்திப் பாலை நினைத்துப் பாருங்கள். பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுகிறார்கள். பருத்தி விதையில் கோசிபால் என்ற நச்சு உண்டு, சூட்டில் அது பெரும்பாலும் புரதத்தோடு கட்டுண்டு போகும். நம் முன்னோர் கோசிபால் என்ற பெயரை அறியார், காய்ச்ச வேண்டும் என்பதை அறிவார்கள். விதைக்கு விதை பக்குவம் வேறு.

காபிக்கு ஆசைப்படுவோருக்கு ஒரு வார்த்தை. ஃபில்டர் காபி டிகாக்‌ஷனின் சூடும் புளிப்பும் சேர்ந்தால் இந்தப் பால் திரிந்து போகும். இளஞ்சூட்டுப் பாலில் டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் ஓரளவு தாங்கும். ருசி? உண்மையைச் சொன்னால் சுமார்தான். மோர் ஊற்றி உறை குத்தினாலும் தயிர் ஆகாது. பசும்பாலில் உள்ள பால்சர்க்கரையைத் தின்றுதான் உறைமோரில் உள்ள நுண்ணுயிர் புளிப்பை உண்டாக்குகிறது. இங்கே அந்தச் சர்க்கரை இல்லை.

அந்தச் சர்க்கரை இல்லாததே சிலருக்கு நன்மை. வளர்ந்தபின் பால்சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடுவது தென்னாட்டவரிடம் வடவரைவிட அதிகம். பால் குடித்தால் வயிறு உப்பி, மோர் குடித்தால் தாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகையினர். அவர்களுக்கு இது நல்ல மாற்று. 100 கிராம் தோல் நீக்கிய விதையில் சுமார் 31 கிராம் புரதம் இருக்கிறது. நான் சொன்ன அளவில் வடிகட்டாமல் எடுத்தால் 100 மில்லிக்கு 3 கிராம் அளவில் வரும், பசும்பாலுக்கு ஏறக்குறைய சமம். மீன் உண்ணாத நமக்குக் கிடைப்பதற்கு அரிய ஒமேகா-3 கொழுப்பும் உண்டு.

சுண்ணாம்புச் சத்தில்தான் ஏமாந்து போவோம். ஒரு டம்ளர் பசும்பாலில் சுமார் 240 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். நாம் எடுத்த பாலில் ஒரு டம்ளருக்கு 13 மில்லிகிராம்கூடத் தேறுவது கடினம். பி-12 அறவே இல்லை. கடையில் விற்கும் பெட்டிப் பாலில் இவற்றைத் தனியே சேர்த்திருப்பார்கள், லேபிளைப் படித்தால் தெரியும். வீட்டில் எடுத்ததில் யார் சேர்ப்பது? ஆகவே ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ மருத்துவர் சொன்ன பாலுக்கோ பதிலாக இதைக் கொடுக்கவே கூடாது. வளரும் பிள்ளைகளுக்கும் இதை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் கோலார் மண்ணின் ராகி 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ராகியை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து கூழாகக் காய்ச்சிக் கொடுத்த பாட்டிமார் கெட்டிக்காரிகள். விலையில் ஹெம்ப் விதையோ எள்ளைவிடப் பல மடங்கு. பெருமைக்காக வாங்க வேண்டாம், தேவைக்கு வாங்குங்கள்.

பசும்பால் எட்டாத ஏழைகளுக்குத் தாவரப் பால் என்ற எண்ணம் நம் மாநிலத்தில் பழையது. மைசூரில் 1950-இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில், முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன் காலத்திலேயே நிலக்கடலைப் பால் ஆராயப்பட்டது. 1970-களில் கடலைப் புரதத்தை மாட்டுப்பாலோடு கலந்த 'மில்டோன்' பெங்களூரில் விற்பனைக்கே வந்தது. அது மலிவுக்காக வந்த பால். இன்று ஹெம்ப் பால் வசதி உள்ளவர் குடிக்கும் பாலாக வருகிறது, காலத்தின் விந்தை!

வாங்கிய விதையைப் பற்றி ஒரு வியாபாரியாகச் சொல்ல வேண்டியது பாக்கி. இதில் பாதி எடை எண்ணெய், அதுவும் சீக்கிரம் காறும் எண்ணெய். சிறு பாக்கெட்டாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். திறந்ததும் சிக்கு வாடையோ பெயிண்ட் வாடையோ அடித்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். முதல் தடவை குடிப்பவர் அரை டம்ளரில் தொடங்கட்டும், எண்ணெய் விதை எல்லா வயிற்றுக்கும் ஒரே மாதிரி ஒத்துக்கொள்ளாது.

வடிகட்டிய சக்கையை எறியாதீர்கள். தோல் நீக்கிய விதையின் சக்கையை அடை மாவிலோ சப்பாத்தி மாவிலோ பிசையலாம். வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்து, பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்து அரைத்தால் குமாவுன்காரர்கள் செய்யும் சட்னிக்குக் கிட்ட வரும், ராகிக் களிக்கு நன்றாகச் சேர்கிறது. முழு விதையின் சக்கை வெறும் தோல்தான். அது செடிக்கு எரு.