ஊன்றுகோல் எந்தக் கையில்?

அங்கத்தினர்களே, தணிக்கைக்குச் செல்லும் கொங்கு நாட்டு ஊர்களில் முதியோர் இல்லங்களையும் எட்டிப் பார்ப்பது என் வழக்கம். குழித்தறியில் ஆயுளைக் கழித்த பெரியவர்கள் பலர் வலிக்கும் காலின் பக்கத்துக் கையிலேயே தடியைப் பிடிக்கின்றனர். ஊழியர்களும் திருத்துவதில்லை! வலக்கால் நோவுமாயின் தடி இடக்கையில் இருத்தல் வேண்டும். தடியும் நோயுற்ற காலும் ஒருங்கே முன்செல்ல, நல்ல கால் பின்தொடர வேண்டும். அப்போதுதான் நோயுற்ற காலின் பாரம் குறையும். படியேறுகையில் நல்ல கால் முதலில். இறங்குகையில் தடியும் நோயுற்ற காலும் முதலில். துணை செல்வோர் நோயுற்ற காலின் பக்கமாகச் சற்றுப் பின்னே நடக்கட்டும். கையைப் பற்றி இழுத்தலாகாது. அடி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுக. வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த முதியோர் பலர் பழையபடி நடப்பதில்லை. 2017-ல் மத்திய அரசு தொடங்கிய வயோஸ்ரீ திட்டத்தில் இலவசமாகத் தடி பெற்றோரும் உளர். அத்தடியையும், நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டளவு நிற்கிறதா என்று பார்த்தே கொடுங்கள்.