கொஞ்சம் அசைந்தால் எல்லாம் போச்சு!
இங்கிலாந்து வீடுகளைத் திண்டாட வைத்த நினைவுப் பெட்டி

மாலை நேரம். பையன் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். மடியில் ஒரு பத்திரிகை. அதில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கம்ப்யூட்டரில் தட்டுகிறான். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரமும் ஆயிற்று. இன்னும் நாலே வரிதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து யாரோ மேஜையில் கையை ஊன்றினார்கள். மேஜை லேசாக அசைந்தது. அவ்வளவுதான்! திரையில் இருந்த எழுத்துக்கள் சிதறின. பிறகு ஒன்றுமே இல்லை. இரண்டு மணி நேர வேலை ஒரு நொடியில் பாழ்!

இது ஒரு வீட்டில் மட்டும் நடந்த கதை அல்ல. 1981, 1982ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் பல வீடுகளில் இதே கூத்துதான். காரணம் என்ன? கம்ப்யூட்டரின் முதுகில் மாட்டியிருந்த ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி!

ஏழைக்கு ஏற்ற கம்ப்யூட்டர்

அந்தக் கம்ப்யூட்டரின் பெயர் சின்க்ளேர் இசட்.எக்ஸ்.81. கிளைவ் சின்க்ளேர் என்பவரின் கம்பெனி அதை 1981 மார்ச் மாதம் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஸ்காட்லாந்தில் டண்டி என்ற ஊரில், டைமெக்ஸ் தொழிற்சாலையில் அது தயாராயிற்று.

விலை என்ன தெரியுமா? 70 பவுனுக்கு 5 பென்ஸ் குறைவு. பாகங்களை வாங்கி நாமே பற்றவைத்துக் கொள்வதானால் 50 பவுனுக்கு 5 பென்ஸ் குறைவு. அதுவரை கம்ப்யூட்டர் என்றால் பணக்காரர் சமாசாரம். இந்த எந்திரம் வந்த பிறகு சாதாரணத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்தார்கள். 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

விலை குறைவு. ஆகவே உள்ளே இருந்த சரக்கும் குறைவு. நாலைந்து சில்லுகள்தான். தனித் திரை கிடையாது. வீட்டு டெலிவிஷனோடு சேர்க்க வேண்டும். எழுதியதைச் சேமித்து வைக்கப் பாட்டுக் கேட்கும் காசெட் நாடாதான்.

நினைவோ 1 கே மட்டும். அதாவது 1,024 எழுத்துக்கள் கொள்ளும் இடம். திரையில் 24 வரி; வரிக்கு 32 எழுத்து. திரையை முழுக்க நிரப்பினால் அதற்கே 768 எழுத்துக்கான இடம் போய்விடும். எந்திரம் தன் சொந்தக் கணக்குக்கு 125 இடத்தை எடுத்துக் கொள்ளும். மிச்சம் இருப்பதில் என்ன எழுதுவது?

அதனால்தான் 16 கே நினைவுப் பெட்டி வந்தது. எந்திரத்தின் பின்னால் அதை மாட்டினால் போதும். நினைவு 16 மடங்கு! அந்தப் பெட்டியின் விலையும் 50 பவுனுக்கு 5 பென்ஸ் குறைவு. பற்றவைக்காத எந்திரத்தின் விலையும் பெட்டியின் விலையும் ஒன்று!

பூதம் துரத்துகிறது!

பெட்டி வந்ததும் பெரிய விளையாட்டுகள் வந்தன. மால்கம் எவன்ஸ் என்பவர் எழுதிய "3டி மான்ஸ்டர் மேஸ்" பெயர் பெற்றது. இருட்டுச் சந்துகள். உள்ளே பூதம் போன்ற ஒரு டைனோசார். அது துரத்தும், நாம் ஓட வேண்டும். அதற்கு 16 கே நினைவு கட்டாயம் தேவை.

பூதம் நெருங்கினால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பதறிப்போய்ப் பொத்தானை ஓங்கி அழுத்துவார்கள். எந்திரம் குலுங்கும். பெட்டி ஆடும். பூதம் விழுங்குவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிடும்!

ஆட்டத்துக்குக் காரணம்

எந்திரத்தில் பெட்டியை மாட்டத் தனியாக ஒரு பிளக் இல்லை. உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையின் விளிம்பே பிளக். அதில் 40க்கும் மேற்பட்ட மெல்லிய உலோகத் தடங்கள். பெட்டியில் இருக்கும் சின்னச் சின்னத் தகடுகள் அவற்றை அழுத்திப் பிடிக்க வேண்டும். பெட்டியின் கனத்தைத் தாங்க வேறு திருகோ கொக்கியோ கிடையாது.

எந்திரத்தின் மூளையான சில்லு, நொடிக்குப் பல லட்சம் தடவை அந்தத் தடங்கள் வழியாக நினைவைக் கேட்கிறது. "இந்த விலாசத்தில் என்ன இருக்கிறது?" என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு தடம், ஒரே ஒரு கணம் விட்டுப்போனால்? விலாசம் மாறிவிடும். தவறான பதில் வரும். அந்தத் தவறையே கட்டளையாக எடுத்துக் கொண்டு மூளை கண்டபடி ஓடும். பிறகு மின்சாரத்தை நிறுத்திப் போடுவது தவிர வேறு வழி இல்லை. நிறுத்தினால் நினைவு முழுவதும் அழிந்துவிடும்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. சிலர் ஒட்டு நாடா போட்டுக் கட்டினார்கள். சிலர் ஒட்டும் பசையை இடுக்கில் அப்பினார்கள். மெமோடெக் என்ற கம்பெனி, எந்திரத்தின் முதுகுக்குப் பொருந்தும் வடிவத்தில் வேறு பெட்டி செய்து விற்றது.

இன்றும் செய்கிறார்கள்

எந்திரம் சந்தையை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. சின்க்ளேரும் 2021ல் காலமானார். ஆனாலும் அந்த எந்திரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஆர்வலர்கள் இன்றும் அதற்குப் புதிய நினைவுப் பெட்டிகளைச் செய்கிறார்கள்.

பழைய பெட்டியில் எட்டு நினைவுச் சில்லுகள். அவை ஓட்டைப் பானை மாதிரி. ஊற்றிய தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். நொடியில் 500ல் ஒரு பங்கு நேரத்துக்குள் மறுபடி நிரப்பாவிட்டால் நினைவு மறைந்துவிடும். அந்தச் சில்லுகளுக்கு மூன்று வித மின் அழுத்தமும் தேவை. இப்போது ஒரே ஒரு சில்லு போதும். அது ஓட்டை இல்லாத பானை. 5 வோல்ட் மட்டும் கொடுத்தால் வேலை செய்யும். சூடும் குறைவு.

அப்படியானால் வேலை சுலபமா? இல்லை! மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, எந்திரத்தின் உள்ளே இருக்கும் 1 கே நினைவைப் பேசாமல் இருக்கச் செய்ய வேண்டும். கேள்வி ஒன்று, பதில் சொல்பவர் இருவர் என்றால் குழப்பம்தானே? அதற்கென்றே ஒரு தடம் இருக்கிறது. அதில் 5 வோல்ட் கொடுத்தால் உள் நினைவு வாயை மூடிக்கொள்ளும்.

இரண்டாவது, திரையில் எழுத்தைக் காட்டவும் அதே மூளைச் சில்லுதான் உழைக்கிறது. அப்போது அது நினைவை வேறு விலாசத்தில் கூப்பிடும். உண்மையான விலாசத்தோடு 32,768ஐக் கூட்டிக் கூப்பிடும்! புதிய பெட்டி அதற்கும் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் திரையில் ஒழுங்காக எழுத்து வராது.

மூன்றாவது, எந்திரத்துக்குள் மின்சாரத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கும் பாகம் ஒன்று உண்டு. அது ஏற்கெனவே நன்றாகச் சுடும். புதிய பெட்டி அதிக மின்சாரம் இழுத்தால் அது தாங்காது.

கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

பெட்டி வேலை செய்யவில்லை என்றால் உடனே சில்லுகளைக் கழற்றக் கூடாது. முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மின்சாரம் இருக்கும்போது பெட்டியை மாட்டவோ கழற்றவோ கூடாது; எந்திரமே கெட்டுவிடும். பிறகு தடங்களைச் சுத்தம் செய்யும் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைக்க வேண்டும். அழுக்கால் வரும் கோளாறு அதிலேயே தீர்ந்துவிடும்.

அப்படியும் சரியாகவில்லையா? எந்திரத்தையே கேட்கலாம்! மின்சாரம் கொடுத்ததும் எந்திரம் தன் நினைவை அளந்து, எங்கே முடிகிறது என்று 16388, 16389 என்ற இரண்டு இடங்களில் குறித்து வைக்கிறது. முதல் எண்ணோடு, இரண்டாம் எண்ணை 256ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 16 கே நினைவு சரியாக இருந்தால் விடை 32,768. வெறும் 17,408 வந்தால், எந்திரம் 1 கே நினைவைத்தான் கண்டது என்று அர்த்தம். நடுவில் ஏதாவது எண் வந்தால், அந்த விலாசத்தில்தான் கோளாறு. அதற்குப் பிறகுதான் கருவிகளை எடுக்க வேண்டும்.

சின்ன இடம்தான் பெரிய இடம்

பழைய பெட்டியில் இருந்த சில்லுகளா தவறு செய்தன? இல்லை. அவை சொன்ன வேலையைச் செய்தன. ஒன்றோடு ஒன்று சேரும் இடம்தான் காலை வாரியது. அதனால்தான் இன்று பெட்டி செய்பவர்கள், சில்லுகளை வைப்பதற்கு முன்பே, அது எந்திரத்தோடு ஆடாமல் எப்படி நிற்கும் என்று யோசிக்கிறார்கள்.

டார்ச் லைட் எரியாவிட்டால் நாமும் பல்பைக் குறை சொல்வதற்கு முன் பாட்டரியின் முனையைத் துடைத்துப் பார்க்கிறோம் அல்லவா? கம்ப்யூட்டருக்கும் முதல் வைத்தியம் அதுவே!