பிடிக்காத கதைசொல்லியோடு கடைசிப் பக்கம் வரை

கதை சொல்பவனையே பிடிக்கவில்லை, எப்படி மேலே படிப்பது என்று நாவலைப் பாதியில் மூடிவைப்பவர்கள் உண்டு. கசுவோ இஷிகுரோவுக்கு 1989இல் புக்கர் பரிசு வாங்கித் தந்த ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’ அப்படி மூடப்படக்கூடிய நாவல்தான். ஆங்கிலப் பிரபு டார்லிங்டனின் மாளிகையில் பட்லராக உழைத்த ஸ்டீவன்ஸ், 1956இல் காரில் ஊர் சுற்றியபடி பழசை அசைபோடுகிறார். நாஜி ஜெர்மனிக்குப் பரிந்து பேசிய அந்தப் பிரபு, யூதர்கள் என்பதற்காகவே இரண்டு பணிப்பெண்களை வேலையிலிருந்து நீக்கச் சொல்கிறார். ஸ்டீவன்ஸ் மறுபேச்சில்லாமல் நீக்கிவிட்டு, அதையும் கடமை என்கிறார். இவரை வெறுப்பது நியாயம். வெறுத்ததும் புத்தகத்தை மூடிவிட்டால், வெறுப்புக்கு அப்பால் அதில் இருப்பது நம் கைக்கு வராது.

ஸ்டீவன்ஸுக்கு எதிரான சாட்சியங்களை அவர் வாயாலேயே சொல்லவைக்கிறார் இஷிகுரோ. 1923இல் மாளிகையில் மாநாடு நடக்கும் இரவு, மாடியறையில் தந்தை இறந்துபோகிறார். மகனோ கீழே விருந்தினரைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். தன் துயரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீ அழுவதுபோல் இருக்கிறதே என்று பிரபு கேட்கும்போதுதான் விஷயமே நமக்குத் தெரிகிறது. மூடிய கதவுக்குப் பின்னால் மாளிகையின் வீட்டு நிர்வாகி மிஸ் கென்டன் அழுகிறார் என்று தோன்றிய ஒரு நினைவை, முதலில் அவருடைய உறவினர் இறந்த நாளோடு சேர்க்கிறார் ஸ்டீவன்ஸ். பிறகு, இல்லை, வேறொருவரை மணக்கச் சம்மதித்துவிட்டதாக மிஸ் கென்டன் தன்னிடம் சொன்ன இரவு அது என்று திருத்துகிறார். எந்த இரவை மறக்க விரும்பினார் என்பதை அந்தத் திருத்தமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இப்படி ஒருவர் மனதுக்குள்ளேயே உட்கார்ந்தால் அவர் செய்த தப்புக்கும் நாம் பரிந்து பேசத் தொடங்கிவிட மாட்டோமா என்று கேட்கலாம். இரக்கம் வரத்தான் செய்யும், மன்னிப்பு வராது. பணிப்பெண்களை நீக்கியதற்காகப் பிரபு பின்னாளில் வருந்தும்போது, எனக்கும் அன்று வேதனையாகத்தான் இருந்தது என்று மிஸ் கென்டனிடம் சொல்கிறார் ஸ்டீவன்ஸ். அதை அன்றே ஏன் சொல்லவில்லை என்று மிஸ் கென்டன் கேட்கிறார். வேலை இழந்த அந்த இருவருக்கும் அந்த மௌன வேதனையால் எந்தப் பயனும் இல்லை என்பதை நாவல் மறக்கவிடுவதில்லை. இதையெல்லாம் ஆசிரியரே வெளியிலிருந்து சொல்லியிருக்கலாமே என்றால், தீர்ப்பு மட்டும் கிடைத்திருக்கும். கௌரவமான சொற்களால் ஒரு மனிதர் தன்னையே எப்படி ஏமாற்றிக்கொள்கிறார் என்பது உள்ளிருந்துதான் தெரியும். இத்தகைய நாவலைப் படிக்கையில், கதைசொல்லியிடம் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள், அவர் எங்கே தன் பேச்சைத் திருத்துகிறார் என்று கவனியுங்கள். முடிவு வரை படித்துவிட்டு அவரை வெறுங்கள்.