காரிலிருந்து வீட்டுக்கு வரும் ஸ்டீரியோ

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு வானொலி வெறும் பொழுதுபோக்குச் சாதனம் அன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு உறவுகளுக்கு நடுவே விழுந்தாலும் வானலைக்குச் சோதனைச் சாவடி கிடையாது. நாகர்கோவில் நிலையத்தின் தமிழ் ஒலிபரப்பு 101 மெகாஹெர்ட்ஸில் நம் வீடுகளுக்கு வருகிறது.

அதற்கு அருகிலேயே, 101.9-இல், திருவனந்தபுரம் நிலையம். மலிவான ரேடியோக்களில் இவை ஒன்றோடொன்று குழம்புவது உண்டு. கார் ஸ்டீரியோவோ, ஓடும் வண்டியிலும் நிலையத்தை விடாமல் பிடிக்கும்படி செய்யப்பட்டது. ஆகவே, வண்டியை விற்கும்போதோ புது செட் மாட்டும்போதோ கழற்றிய பழைய ஸ்டீரியோவை ஆக்கர்க் கடையில் எடைக்குப் போட வேண்டாம்.

இன்னொரு பெரிய காரணமும் உண்டு. அது 12 வோல்ட் பாட்டரியில் இயங்குவது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தாக்கியபோது குமரி மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரம் இன்றிக் கிடந்தன. பூந்துறை, விழிஞ்ஞம் முதல் குமரிக் கரை வரை கடலுக்குப் போனவர்களைப் பற்றிய செய்திக்காக மக்கள் தவித்தார்கள். அத்தகைய நாளில் பேசும் பெட்டி வீட்டில் ஒன்று இருக்க வேண்டும்.

முதலில் மின்சாரம். பலர் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடு, ஒரு கண்டன்சர் வாங்கி இணைத்துவிடுகிறார்கள். 12 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 17 வோல்ட். டயோடு இழப்பு போக 15-க்கு மேல் நிற்கும். சுமை குறையும்போது இன்னும் ஏறும். ஸ்டீரியோ எரிந்துபோக அது போதும். கண்டன்சர் சிறிதானால் இரைச்சலும் கேட்கும். சி.சி.டி.வி. கேமராவுக்கு விற்கும் 12 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். வீட்டு அளவுக்குப் போதுமானது. அதில் 230 வோல்ட் வரும் திருகுகள் திறந்தே இருக்கும். குழந்தைகள் கை படாதபடி காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்து, எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் மாட்டுங்கள்.

பெரும்பாலான செட்டுகளில் மஞ்சள் வயர் நினைவுக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு எர்த்துக்கு. வீட்டில் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்துப் பிளஸ்ஸில் கொடுக்கலாம்.

அடுத்தது ஸ்பீக்கர். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என ஜோடி ஜோடியாக வரும் வயர்களில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். இன்றைய செட்டுகளில் இந்த மைனஸ் எர்த் அன்று. அதிலும் சுமார் 6 வோல்ட் நிற்கும். இடது, வலது மைனஸ்களை ஒன்றாக முறுக்கினாலோ எர்த்தில் சேர்த்தாலோ உள்ளிருக்கும் ஐ.சி. போய்விடும். அதே காரணத்தால் ஸ்பீக்கர் வயரை வீட்டு ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளையில் செருகக் கூடாது. பின்புறம் ஆர்.சி.ஏ. லைன் அவுட் இருந்தால் அதிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். நேரடியாக இணைப்பதானால் 4 ஓம் முதல் 8 ஓம் வரையுள்ள ஸ்பீக்கர்கள் பொருந்தும். 8 ஓமில் சத்தம் சற்றுக் குறையும். அட்டையில் 45 வாட் என்று அச்சிட்டிருப்பது உச்சக் கணக்கு. உண்மையில் ஒரு சானலுக்கு 20 வாட்டுக்குள்தான் கிடைக்கும். ஒரு கூடத்துக்கு அதுவே அதிகம்.

ஏரியலுக்குக் காரின் தகரம் துணை நின்றது. வீட்டில் அது இல்லை. ஏரியல் பிளக்கின் நடுமுனையில் 75 செ.மீ. கம்பி ஒன்றும், வெளிமுனையில் அதே அளவில் ஒன்றும் இணைத்து, எதிரெதிராக நீட்டிவிடுங்கள். 101 மெகாஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கு நீளம் அது.

மின்தடைக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரி போதும். மெதுவாக வைத்தால் ஐந்து மணி நேரம் தாராளமாகப் பாடும். எஸ்.எம்.பி.எஸ்., பாட்டரி இரண்டையும் நேராகச் சேர்க்காமல், டூ-வே ஸ்விட்ச் வழியே ஒன்றை மட்டும் கொடுக்க வேண்டும். பாட்டரியின் பிளஸ் முனைக்கு அருகிலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ் அவசியம். ஃபியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றும் பழக்கம் வேண்டாம். 12 வோல்ட் ஆளை அடிக்காது. ஆனால் ஷார்ட் ஆனால் வயர் பழுத்து வீட்டையே கொளுத்தும்.

ஐப்பசி மழைக்கு முன்பே ஒரு நாள் ஸ்விட்சைப் பாட்டரிப் பக்கம் திருப்பி, நாகர்கோவில் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.