சீரான ஓட்டமும் பெட்ரோல் செலவும்

மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டுகையில், ஆக்ஸிலரேட்டரைச் சிறிது முறுக்கியதும் வண்டி உதறிப் பாய்வதைப் பலரும் அறிவர். இக்குறையைப் போக்குமென்று, எரிபொருளின் அளவைத் திருத்தும் சிறு கருவிகள் விற்கப்படுகின்றன. ஓட்டம் சீர்படுவதோடு மைலேஜும் கூடும் என்பார் உளர். இவ்விரண்டும் ஒருங்கே கிட்டுமா?

2020 ஏப்ரல் முதல் தேதி பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தை, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர் பெற்றது. ஒரு கிராம் பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். புகைக்குழாயிலுள்ள பிராணவாயு சென்சார் அனுப்பும் செய்தியைக் கொண்டு, கட்டுப்பாட்டுப் பெட்டி கலவையை இவ்விகிதத்தை ஒட்டியே நிறுத்துகிறது. இஃது எஞ்சினின் சுகத்துக்காக அன்று. நச்சுப்புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கி, இவ்விகிதத்தைச் சுற்றிய குறுகிய எல்லைக்குள்தான் செவ்வனே பணியாற்றும்.

எஞ்சினோ சற்றுச் செறிந்த கலவையையே விரும்புவது. ஆக்ஸிலரேட்டர் சிறிதே திறந்திருக்கும்போது சிலிண்டரில் புகும் காற்று குறைவு. முந்தைய சுற்றில் எரிந்த புகையும் அதனுடன் கலந்து நிற்கும். எனவே தீ பரவும் வேகம் சுற்றுக்குச் சுற்று மாறுபடுகிறது. ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் இம்மாறுபாட்டை ஈடுசெய்ய வேறு சிலிண்டர் இல்லை. ஓட்டுபவர் அதனை உதறலாக உணர்கிறார். பெட்ரோலைச் சிறிது கூட்டினால் தீ விரைந்து பரவும், உதறல் தணியும். கருவி செய்வது இவ்வளவே. (சங்கிலி தளர்ந்திருந்தாலும் இத்தகைய உதறல் தோன்றும், அதற்கு ஸ்பேனரே போதும்.)

இன்ஜெக்டருக்குச் செல்லும் கட்டளையை மட்டும் நீட்டும் கருவியின் பயன், ஒரே வேகத்தில் செல்கையில் நிலைப்பதில்லை. சென்சார் மிகுதியைக் காட்டிக் கொடுத்ததும் பெட்டி அதனைக் குறைத்துவிடும். ஆகவே சில கருவிகள் சென்சாரின் செய்தியையே திரித்துப் பெட்டியை ஏமாற்றுகின்றன. வினையூக்கி அப்போது திணறும். கார்பன் மோனாக்சைடு மிகுதியாக வெளியேறும்.

செலவைக் கணக்கிடுதல் எளிது. விகிதம் 14.7 இலிருந்து 13.6 ஆக மாறின், அதே காற்றுக்கு 8 விழுக்காடு பெட்ரோல் கூடுதலாகச் செல்லும். விசை சற்றுக் கூடுவதால் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மூடி ஓட்டலாமெனினும், இழப்பில் ஒரு பகுதியே மீளும். எப்போதும் இக்கலவையிலேயே ஓடினால், லிட்டருக்கு 40 கிலோமீட்டர் சென்ற வண்டி 37 அல்லது 38க்கு இறங்கும்.

மைலேஜ் கூடிற்று என்போர் அனைவரும் பொய்யுரைப்பவரல்லர். உதறலுக்கு அஞ்சித் தாழ்ந்த கியரில் ஓட்டியவர், கருவி பொருத்தியபின் உயர்ந்த கியரில் செல்வாராயின் பெட்ரோல் மிச்சமாகலாம். அஃது உயர்ந்த கியரினால் விளைந்த பயன்.