தொலைவிலிருந்து ஒரு தூசுக் கணக்கு

திட்டமிடுதலுக்கு அடிப்படை அளவீடு. விளைச்சலைக் கணக்கிடாமல் உணவுத் திட்டம் வகுக்க இயலாது. மக்கள்தொகையைக் கணக்கெடுக்காமல் பள்ளிகளின் தேவையை அறிய இயலாது. காற்றில் மிதக்கும் நுண்துகள்களுக்கும் இது பொருந்தும். நமது நாட்டில் காற்றின் தரத்தை அளக்கும் நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை நகரங்களிலேயே உள்ளன. ஆகவே கங்கைச் சமவெளியின் சிற்றூர்களில் வாழும் கோடிக்கணக்கான மக்கள் சுவாசிக்கும் காற்று, நெடுங்காலம் எந்தக் கணக்கிலும் இடம்பெறாமல் இருந்தது. இக்குறையை ஓரளவு நிறைவு செய்ய வந்துள்ளவை தொலையுணர்வுக் கருவிகள்.

நிலத்தில் அளக்கும் முறை

2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான விட்டமுள்ள துகள்களே உடல்நலத்திற்குப் பெருங்கேடு விளைவிப்பவை. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள இவை, நுரையீரலின் அடியாழம் வரை செல்ல வல்லவை. 2009ஆம் ஆண்டின் தேசியத் தர அளவுகளின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் இவற்றின் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமையும், 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராமையும் மீறலாகாது.

இதை அளக்கும் பழைய முறை எளியது. அளவறிந்த காற்றை வடிதாளின் வழியே உறிஞ்சி, தாளின் எடை எவ்வளவு கூடியது என்று பார்ப்பதே அம்முறை. இதில் கிடைக்கும் விடை நம்பத்தக்கது. எனினும் அது கருவி நிற்கும் இடத்தின் நிலையை மட்டுமே கூறும்.

ஒளி கூறும் செய்தி

தொலையுணர்வு முறையில் துகளை எடை போடுவதில்லை; துகள் ஒளியை என்ன செய்கிறது என்று நோக்குகின்றனர். துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. சில உட்கவரவும் செய்கின்றன. தரையிலிருந்து வான் எல்லை வரையுள்ள காற்றுத் தூணில் துகள்களால் ஒளி குறையும் அளவை ‘ஒளியியல் ஆழம்’ என்பர். சூரியன் உச்சியில் இருக்கையில், இவ்வெண் 0.1 எனில் துகள்களைக் கடந்து நேரடி ஒளியில் ஏறத்தாழ 90 விழுக்காடு தரையை அடையும். 1 எனில் 37 விழுக்காடே அடையும்.

இதை அளக்கும் சூரிய ஒளிமானி ஒன்று 2001ஆம் ஆண்டு முதல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்கி வருகிறது. பல நிறங்களில் அளப்பதால் துகளின் இயல்பும் புலப்படும். பாலைவனப் புழுதி போன்ற பெரிய துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் மங்கச் செய்யும். புகையின் நுண்துகள்களோ நீலத்தையே மிகுதியாக மங்கச் செய்யும்.

லைடார் கருவி வேறு வகையினது. அது லேசர் துடிப்பை வானில் செலுத்தி, துகள்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் நேரத்தைக் கணக்கிடுகிறது. 20 மைக்ரோ விநாடியில் ஒளி திரும்பினால் துகள் 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது பொருள்.

1999இல் ஏவப்பட்ட டெர்ரா, 2002இல் ஏவப்பட்ட அக்வா ஆகிய விண்கலங்களின் மோடிஸ் கருவிகள் பரந்த நிலப்பரப்புகளின் ஒளியியல் ஆழத்தைப் பதிவு செய்தன. 2013இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி கலத்திலிருந்தும் இத்தகைய மதிப்பீடுகள் பெறப்பட்டன. நகரங்களுக்கு அப்பாலும், பஞ்சாப் முதல் வங்காளம் வரை, மாசு ஒரே போர்வையாகப் படர்வதை இவை எடுத்துக்காட்டின.

கவனிக்க வேண்டியவை

ஆயினும் விண்கலம் தரும் எண்ணை நாம் சுவாசிக்கும் காற்றின் எண்ணாகக் கொள்வது தவறு. ஒரே அளவு துகள்கள் கோடையில் 2 கிலோமீட்டர் உயரம் வரையிலும், குளிர்காலத்தில் 500 மீட்டர் வரையிலும் சீராகக் கலந்துள்ளன எனக் கொள்வோம். வானிலிருந்து நோக்கினால் இரண்டும் ஒன்றே. தரையிலோ குளிர்காலச் செறிவு நான்கு மடங்காகும். ஈரப்பதம் மிகும்போது துகள்கள் பருத்து, உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றுவதும் உண்டு.

மேலும், மேகமோ அடர்ந்த மூடுபனியோ உள்ள நாட்களில் விண்கலத்தால் இம்மதிப்பைப் பெற இயலாது. வட இந்தியக் குளிர்காலத்தில் காற்று மிகக் கெட்டிருக்கும் நாட்கள் சில இவ்வாறே கணக்கிலிருந்து விடுபடுகின்றன. விடுபட்ட நாளைத் தூய நாளாகக் கருதிச் சராசரி காண்பது பெரும் பிழையாகும்.

கொள்கைக்கு உரிய பாடம்

2019இல் தொடங்கப்பெற்ற தேசியத் தூய காற்றுத் திட்டம் 131 நகரங்களைத் தன் வரம்பில் கொண்டது. ஆனால் மாசு நகராட்சி எல்லையை அறியாது. வயற்கழிவின் தீயும் ஊரக அடுப்பின் புகையும் நகரக் காற்றில் கலக்கின்றன. நகரத்தின் புகை சிற்றூரை அடைகிறது. தேசியத் தலைநகர் வட்டாரத்திற்கும் அண்டைப் பகுதிகளுக்கும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனி ஆணையம் அமைந்ததும் இக்காரணம் பற்றியே.

எங்கே புதிய நிலையம் தேவை, மாசு எத்திசையிலிருந்து வருகிறது என்பவற்றை விண்கலத்தைக் கொண்டு அறியலாம். தர அளவு மீறப்பட்டதா என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பைத் தரைக் கருவிக்கே விட வேண்டும். மாவட்டந்தோறும் ஊரகப் பகுதியில் ஒரு நிலையமேனும் இருந்தால், வானிலிருந்து பெறும் எண்களைச் சரிபார்க்க அது உரைகல்லாக அமையும். அப்போதுதான் சிற்றூர்வாசியின் மூச்சும் திட்டக் கணக்கில் முறையாக இடம்பெறும்.